பாதியில் நின்ற பியட் 1100 டி விற்பனைக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

"பியட் 1100 டி, 1968 மாடல். ஒரிஜினல் ஆர்.சி. புத்தகம் உண்டு. என்ஜின் வேலை முழுசா முடிஞ்சது. டிங்கரிங் 80 சதவீதம் ஓவர். பெயின்ட் மட்டும் பாக்கி. பாகங்கள் எல்லாம் பெட்டியில இருக்கு. இடம் இல்லாததால விற்பனை."

பழைய கார் தேடுகிறவர்களுக்கு இந்த வரிகள் மனப்பாடம். ஊரும் மாடலும் மாறும், வாசகம் மாறாது. இங்கே ஆய்வுக்கு எடுத்திருக்கும் வண்டி ஒருவருடையது அல்ல. பாதியில் நின்ற பியட்டுகளில் திரும்பத் திரும்பக் காணும் கோளாறுகளை ஒரே வண்டியில் வைத்து, விளம்பரத்தின் ஒவ்வொரு வரியையும் சோதித்துப் பார்க்கிறோம். ஆறு ஆண்டுகளாகத் தகரக் கொட்டகையில், நான்கு ஸ்டாண்டுகள் மேல் நிற்கிறது. என்ஜின் தனியாகக் கீழே மரக்கட்டையில் இருக்கிறது. பாடி முழுக்க ரெட் ஆக்சைடு என்ற சிவப்பு அடிப்பூச்சு. கதவுகள் மாட்டியிருக்கின்றன, கண்ணாடிகள் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன.

விற்பவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அவர் நம்புவதையே சொல்கிறார். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வேலை எந்த இடத்தில் நின்றது, ஏன் அங்கே நின்றது? பணம் தீர்ந்தது, மெக்கானிக் ஊர் மாறினார், இடம் போதவில்லை என்று காரணங்கள் வரும். ஆனால் இந்த வண்டிகளில் வேலை நிற்கும் இடம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றே. பிரித்துப் பார்த்ததும் எதிர்பார்த்ததைவிடப் பெரிய வேலை தெரிந்த இடம் அது. மீதிச் செலவின் பெரும்பங்கு அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம்

பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1954 முதல் பியட் 1100 வகைகளைத் தயாரித்தது. 1100 டி இங்கே 1964-ல் வந்தது. இத்தாலியில் 1966-ல் அந்த மாடல் நின்றுபோனது. இங்கே அதே வண்டி பிரீமியர் பிரெசிடென்ட், பிறகு பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறி, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை ஓடியது. வாங்குபவருக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. 1089 சி.சி. என்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் பாகங்களில் பெரும்பாலானவை பத்மினிக்குச் செய்யப்பட்டவையே பொருந்தும், இன்னமும் கிடைக்கின்றன. மும்பையின் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓட்டத்தை நிறுத்தியது. பழைய டாக்சிகளிலிருந்து கழற்றிய பாகங்களும் சந்தையில் சுற்றுகின்றன. அதனால் இந்த வண்டியில் மெக்கானிக்கல் வேலை பயப்பட வேண்டிய விஷயமே அல்ல. தகடும் தாளும்தான் பயப்பட வேண்டியவை.

பழைய கார் கிளப்காரர்கள் இதை வின்டேஜ் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் கணக்கில் வின்டேஜ் என்பது 1919 முதல் 1930 வரை வந்த கார்கள். மத்திய அரசின் 2021 விதிகளோ முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியை வின்டேஜ் என்கின்றன. பதிவு அலுவலகத்தில் செல்லுபடியாவது இரண்டாவது கணக்கு.

"ஒரிஜினல் ஆர்.சி. புத்தகம் உண்டு"

பாடியைத் தொடுவதற்கு முன் டார்ச்சுடன் என்ஜின் அறைக்குப் போங்கள். 1100 டி மோனோகாக் வண்டி. தனி சேசிஸ் கிடையாது, உடம்பே சேசிஸ். சேசிஸ் எண் என்ஜின் அறையின் பின்சுவர்த் தகட்டில் குத்தப்பட்டிருக்கும். அந்தத் தகடு துருப்பிடித்து, டிங்கர் அதை வெட்டிப் புதுத் தகடு வைத்திருந்தால் வண்டியின் அடையாளமே போயிற்று. எத்தனை அழகாக வெல்டு செய்திருந்தாலும் அந்த வண்டி சட்டத்தின் கண்ணில் வேறு வண்டி. போன எண்ணைத் தானாகக் குத்திக்கொள்வது குற்றம். பின்சுவரில் பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) பூசியிருந்தாலோ, எண்ணைச் சுற்றி வெல்டிங் கோடு தெரிந்தாலோ அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நம் வண்டியில் சேசிஸ் எண் சுத்தமாக இருக்கிறது, புத்தகத்தோடும் ஒத்துப்போகிறது. என்ஜின் எண் ஒத்துப்போகவில்லை. எப்போதோ வேறு என்ஜின் மாற்றியிருக்கிறார்கள், ஆர்.சி.யில் ஏற்றவில்லை. பியட்டில் இது சர்வசாதாரணம். மாற்றிய என்ஜினுக்கு ரசீதோ, அது கழற்றப்பட்ட வண்டியின் விவரமோ இருந்தால் சரிசெய்துகொள்ளலாம். எதுவும் இல்லையென்றால் அந்த அலைச்சலையும் விலையில் கழிக்க வேண்டும். என்ஜின் கையில் இருக்கிறது என்பதற்காக அதற்கு முழு மதிப்பு கொடுக்கக் கூடாது.

அடுத்தது பெயர். புத்தகம் விற்பவரின் காலமான தந்தை பெயரில் இருக்கிறது. படிவம் 29, 30 இரண்டில் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தால் பயனில்லை. வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், படிவம் 31 ஆகியவற்றோடு முதலில் விற்பவர் பெயருக்கு மாற வேண்டும். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றால் முன்பணத்தோடு நிறுத்தி, பெயர் மாறிய பிறகு மீதியைக் கொடுங்கள். எம்எஸ், எம்டி, டிஎம் என்று தொடங்கும் பழைய எண்கள் பல, கணினிப் பதிவில் ஏறாமலே இருக்கின்றன. ஆன்லைனில் எண் வரவில்லை என்றால், பதிவு இருந்த அலுவலகத்தின் பழைய பேரேட்டிலிருந்து ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். பணம் கைமாறும் முன் அது முடியட்டும்.

பதிவு காலாவதியாகி இருக்கிறது. 20 ஆண்டு கடந்த காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது. தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் தனி. நான்கு ஆண்டுத் தாமதம் என்றால் 48 மாதத்துக்கு 24,000 ரூபாய். எந்த மாதத்திலிருந்து கணக்கிடுவார்கள் என்பதை அந்தந்த அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. இதோடு பசுமை வரி, காப்பீடு. புதுப்பித்தால் 5 ஆண்டு.

மற்ற வழி, வின்டேஜ் பதிவு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு 'விஏ' எழுத்துகளோடு எண் வரும். பழைய ஆர்.சி. புத்தகம் தங்கம் போல என்று சொல்வது இதனால்தான். 1968-ல் கொடுத்த எண்ணோடு வண்டி ஓடுவதற்கு அந்தப் புத்தகம்தான் ஆதாரம். ஆனால் வின்டேஜ் பதிவு வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கு விடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்ற அளவுதான். இன்னொரு நிபந்தனையும் உண்டு: பாடி, சேசிஸ், என்ஜின் மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும். டீசல் என்ஜின் வைத்த வண்டிக்கும், முன்பாதி ஒன்று பின்பாதி ஒன்றாக ஒட்டிய வண்டிக்கும் இந்த வழி அடைபட்டது.

"டிங்கரிங் 80 சதவீதம் ஓவர்"

இதுதான் வேலை நின்ற இடம். இங்கே ஒரு மணி நேரமாவது செலவழிக்க வேண்டும். பழைய துணி உடுத்திக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள்.

1100 டியில் அழுகும் இடங்கள் ஏறக்குறைய நிலையானவை. கதவுகளுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டுப் பெட்டி, அதன் உள்தகடு, ஓட்டுநர் கால் வைக்கும் தரை, ஜாக்கி முட்டும் இடம், பின் பட்டைச் சுருளின் (லீஃப் ஸ்பிரிங்) முன்கண் மாட்டும் தாங்கி, டிக்கித் தரை, ஹெட்லைட்டுக்குப் பின்னால் மட்கார்டு உட்புறம், முன் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் தேங்கும் பள்ளம். கடலோரத்தில் வாழ்ந்த வண்டியில் இவை அனைத்தும் போயிருக்கும். கோவை, ஈரோடு பக்கம் காய்ந்த இடத்தில் இருந்த வண்டியில் பாதி தப்பியிருக்கும்.

நம் வண்டியில் வெளித்தகடு பளபளவென்று நேராக இருக்கிறது. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓட்டினால், இடது பின்கதவுக்குக் கீழே ஒட்டவே இல்லை. அங்கே பட்டி 2 மி.மீ.க்கு மேல் தடித்திருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டினால் தகட்டின் 'டங்' ஓசை வராமல் 'தொப்' என்கிறது. அடியிலிருந்து பார்த்தால் பழைய அழுகிய தகட்டை வெட்டாமல் அதன் மேலேயே புதுத் தகடு பற்றவைத்திருக்கிறார்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் தங்கும். மூன்று மழைக்காலத்தில் அது வெளியே எட்டிப் பார்க்கும். போட்ட தகடும் ஜி.ஐ. ஷீட், அதாவது துத்தநாகம் பூசிய தகடு. அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் ஆவியாகி, வெல்டில் பொத்தல் விழச் செய்யும், புகையும் உடம்புக்குக் கேடு. இந்த வேலைக்குப் பூச்சில்லாத சி.ஆர். ஷீட்தான் வேண்டும். ரன்னிங் போர்டுக்கு 18 கேஜ், வெளித்தோலுக்கு 20 கேஜ்.

இதைவிடப் பெரிய சிக்கல் கதவு இடைவெளியில் தெரிகிறது. இடது முன்கதவின் மேல்பக்கம் இடைவெளி 2 மி.மீ., கீழ்ப்பக்கம் 9 மி.மீ. வலது பக்கம் மேலும் கீழும் 5 மி.மீ. டேப்பை எடுத்து இரண்டு பக்க முன்வாசலிலும் மூலைக்கு மூலை அளந்தால் 7 மி.மீ. வித்தியாசம். 3 மி.மீ. வரை பழைய வண்டியில் பொறுக்கலாம். 7 என்றால் உடம்பே தொய்ந்திருக்கிறது.

நடந்தது இதுதான். வண்டியின் முன்னும் பின்னும் மட்டும் ஸ்டாண்டு வைத்துத் தூக்கி, இடது ரன்னிங் போர்டை முழு நீளத்துக்கு ஒரே மூச்சில் வெட்டி எடுத்திருக்கிறார்கள். மோனோகாக்கில் அந்தப் பெட்டிதான் முதுகெலும்பு. அது போனதும் நடுப்பகுதி தன் எடையிலேயே கீழே இறங்கியது, கதவுத் தூண்கள் மேலே ஒன்றையொன்று நெருங்கின. அந்த நிலையிலேயே புதுத் தகட்டை வைத்துப் பற்றவைத்துவிட்டார்கள். கதவை மாட்டினால் பூட்டு பிடிக்கவில்லை. கீலை வளைத்துப் பார்த்திருக்கிறார்கள், கீல் மேல் சுத்தியல் தடம் இருக்கிறது. அதன் பிறகு வேலை நின்றுவிட்டது.

இதைச் சரிசெய்ய ஒரே வழி, போட்ட தகட்டைத் திரும்ப வெட்டுவது. அதற்கு முன் நடுவில் நீளமான மரக்கட்டை கொடுத்து, இரண்டு ஜாக்கியால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தூக்கி, கதவு இடைவெளி வலது பக்கத்தோடு ஒத்து வரும் வரை கொண்டுவர வேண்டும். வாசலுக்குக் குறுக்கே 25 மி.மீ. சதுரக் குழாயை எக்ஸ் வடிவில் தற்காலிகமாகப் பற்றவைத்து இறுக்கிய பிறகுதான் வெட்டு. ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். தகட்டில் 6 மி.மீ. துளைகளை 30 முதல் 40 மி.மீ. இடைவெளியில் போட்டு, கோ2 வெல்டிங்கில் துளையை நிரப்பிப் பிடிப்பது நல்லது. கேஸ் வெல்டிங்கில் நீளமாக ஓட்டினால் சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு நான்கு, ஐந்து பிடிப்புக்கும் ஒருமுறை கதவை மூடிப் பார்க்க வேண்டும். ரன்னிங் போர்டின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளைப் புதுத் தகட்டிலும் விட வேண்டும். இதை மறக்காத டிங்கர் குறைவு. துளை இல்லாத பெட்டி உள்ளிருந்தே அழுகும்.

பட்டைச் சுருளின் தாங்கியும் போயிருக்கிறது. ஓடும்போது பின் அச்சின் உந்து முழுவதும் அந்த இடத்தில்தான் விழுகிறது. அங்கே ஒட்டுத்தகடு வைத்துத் தப்பிக்க முடியாது, உள்வலுவூட்டித் தகட்டோடு சேர்த்துப் புதிதாகச் செய்ய வேண்டும்.

ஆக, 80 சதவீதம் என்பது உண்மையில் 35 சதவீதம். இரண்டு பேர் தொடர்ந்து வேலை செய்தால் இன்னும் 30 முதல் 40 நாள் டிங்கரிங் இருக்கிறது.

"பெயின்ட் மட்டும் பாக்கி"

இந்த வரியைச் சுருக்கமாகவே முடிக்கலாம். ரெட் ஆக்சைடும் சாதாரண என்.சி. பிரைமரும் ஈரத்தை உறிஞ்சும். அவற்றின் மேல் உடனே மேல்பூச்சு வரும் என்ற கணக்கில் அடிக்கப்படுபவை அவை. ஆறு ஆண்டு கொட்டகையில் நின்ற பிறகு அடியில் நூல் நூலாகத் துரு ஓடியிருக்கும். விரல் நகம் அளவு இடத்தில் சுரண்டிப் பார்த்தாலே தெரியும். முழுவதும் தகடு வரை இறக்கி, எபாக்சி பிரைமரிலிருந்து தொடங்க வேண்டும். ஏற்கெனவே செய்த பிரைமர், பட்டி வேலைக்கு மதிப்பு பூஜ்யம். இறக்குவதற்கான கூலியை எண்ணினால் அதற்கும் கீழே.

"என்ஜின் வேலை முழுசா முடிஞ்சது"

பாதியில் நிற்கும் வண்டிகளில் என்ஜின் மட்டும் முதலில் முடிந்திருப்பது வழக்கம். அது செய்ய ஆசையான வேலை, லேத்துக்குக் கொடுத்தால் இரண்டு வாரத்தில் வந்துவிடும். அதனாலேயே தவறான வரிசை. டிங்கரிங் முடியும் முன்பே கட்டிவைத்த என்ஜின், ஓடாமல் ஆறு ஆண்டு கிடக்கிறது. புது ரிங்குகள் படியவே இல்லை. கட்டும்போது பேரிங்கில் தடவிய ஆயில் வடிந்து போயிற்று. எந்த வால்வு திறந்த நிலையில் நின்றதோ அந்த சிலிண்டருக்குள் ஈரக்காற்று போய் வந்திருக்கும்.

சோதிப்பது கடினம் இல்லை. நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். செல்போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமராவைத் துளை வழியே இறக்குங்கள். புதிதாகக் கட்டிய என்ஜினில் பிஸ்டன் தலையில் கரி இருக்காது. சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிய அளவைச் சொல்லும் ஓவர்சைஸ் எண் அங்கே குத்தியிருந்தால் அப்படியே படிக்கலாம். இந்த என்ஜினின் மூல அளவு 68 மி.மீ. போர், 75 மி.மீ. ஸ்ட்ரோக். கடைசி ஓவர்சைஸ் வரை போய்விட்டால் அடுத்த முறை சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புதுக் குழல்தான், அதை விலையில் சொல்லலாம். சிலிண்டர் சுவரில் பழுப்புக் கோடு ஒரே உயரத்தில் வட்டமாக இருந்தால் ரிங் ஒட்டி நின்ற இடம். நம் வண்டியில் மூன்றாவது சிலிண்டரில் அப்படி ஒன்று இருக்கிறது.

என்ஜினைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டு உடனே ஸ்பேனரைப் போடக் கூடாது. ஒவ்வொரு பிளக் துளையிலும் 20, 30 மில்லி டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, இரண்டு மூன்று நாள் விட்டு, கிராங்க் புல்லி நட்டில் நீளக் கைப்பிடி போட்டு முன்னும் பின்னும் மெதுவாக ஆட்ட வேண்டும். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், என்ஜினைச் 'சிக்கிய என்ஜின்' என்றே விலை போடுங்கள்.

சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்ற அனுமதித்தால் இன்னும் நல்லது. ஒரே ஒரு கனெக்டிங் ராடு மூடியை இறக்கினால் பேரிங் ஷெல்லின் முதுகில் அண்டர்சைஸ் (கிராங்கைத் தேய்த்துக் குறைத்த அளவு) தெரியும், பேரிங் உட்காரும் ஜர்னலில் துருப்புள்ளி இருக்கிறதா என்பதும் தெரியும். லேத் பில் இருக்கிறதா என்று கேளுங்கள். போரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் பேசிங் (அடிப்பரப்பைச் சமப்படுத்துவது) மூன்றுக்கும் அளவோடு பில் இருந்தால் பாதி மதிப்புக் கொடுக்கலாம். பில் இல்லாத 'முழுசா முடிஞ்ச' என்ஜின், பிரித்துக் கட்ட வேண்டிய என்ஜின்.

ஹெட்டைத் தனியே கவனிக்க வேண்டும். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டு உலோகமும் வெறும் குழாய்த் தண்ணீரில் ஊறினால் அரிப்பு அலுமினியத்தைத்தான் தின்னும். நீர்த்துளைகளின் ஓரம் கடித்தாற்போல் இருந்தால் ஆர்கான் வெல்டு வைத்து, பேசிங் செய்ய வேண்டும். நேர்ப்பட்டை வைத்து 0.05 மி.மீ. கேஜ் நுழைகிறதா என்று பார்க்கலாம். ஹெட் கையில் இருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கெட்டியான சீட்டு போட்டுவிடுவது புத்திசாலித்தனம். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த சீட்டு, ஈயமில்லாப் பெட்ரோலில் மெல்ல உள்ளே இறங்கும்.

இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ்கள் இதில் ஊறிப் பிசுபிசுக்கும், நின்ற வண்டியின் டேங்கில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோல் பம்ப் டயாபிரம், கார்புரேட்டர் கேஸ்கெட், ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்ற வேண்டும். டேங்கைக் கழற்றி உள்ளே துரு நீக்காமல் என்ஜினைக் கிளப்பினால் கார்புரேட்டர் ஜெட் ஒரு வாரத்துக்கு ஒருமுறை அடைக்கும்.

பிரேக்கில் பேரம் வேண்டாம். நான்கு சக்கரமும் டிரம், ஒரே சர்க்யூட். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் நான்கும் போய்விடும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஆறு ஆண்டில் சிலிண்டர் உள்சுவரில் குழி விழுந்திருக்கும். வெறும் ரப்பர் கிட் போட்டால் அந்தக் குழியில் உரசி மறுபடி கசியும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், இரும்புக் குழாய்கள் எல்லாம் புதிது என்றே பட்டியலில் எழுதுங்கள்.

"பாகங்கள் எல்லாம் பெட்டியில இருக்கு"

பெட்டியைத் தரையில் கொட்டி, சாக்கு விரித்துப் பரப்பாமல் முடிவு எடுக்க வேண்டாம். பிரித்தவர் வேறு, கட்டப்போகிறவர் வேறு. எந்த போல்ட் எங்கே போகும் என்ற நினைவு பிரித்தவரோடு போய்விட்டது. படம் எடுத்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால் வண்டியோடு அதையும் கேட்டு வாங்குங்கள்.

கேஸ்கெட், கிங் பின் கிட், வீல் பேரிங், பிரேக் பாகம், கதவு பீடிங் (ஓர ரப்பர்) இவையெல்லாம் இல்லாவிட்டாலும் கவலை இல்லை, கடையில் உண்டு. கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றி இறக்கும் பொறி, பூட்டு போன்றவை சென்னை புதுப்பேட்டை, மும்பை குர்லா சி.எஸ்.டி. ரோடு, பெங்களூர் சிவாஜி நகர் என்று அலைந்தால் கிடைக்கும். வலிக்கும் பாகங்கள் வேறு. 1100 டிக்கே உரிய கிரில், பக்கவாட்டு அலங்காரப் பட்டை, டெயில் லைட் வளையம், வீல் கப், ஹார்ன் வளையம், மீட்டர். பத்மினியில் கிரில்லும் உள்ளலங்காரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறின, அவை இதற்குப் பொருந்தினாலும் மாட்டினால் இது 1100 டியாகத் தெரியாது. நம் பெட்டியில் ஒரு டெயில் லைட் வளையமும் ஹார்ன் வளையமும் இல்லை. இரும்பு பம்பருக்குத் திரும்ப குரோம் போடலாம். துத்தநாக வார்ப்பில் செய்த வளையம் புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் முலாம் பூசினாலும் பள்ளம் தெரியும்.

ஒயரிங்கை வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஒட்டுப் போட்டு ஓட்டுவதைவிட முழு ஹார்னஸ் புதிதாகப் போடுவது மலிவு. டயர் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ன் 23-வது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் அது ஓட்டத்துக்கு ஆகாத டயர், வண்டியைத் தள்ள மட்டும் உதவும்.

விலை

விற்பவர் செலவழித்த தொகையிலிருந்து விலையைத் தொடங்கக் கூடாது. முடிந்த வண்டியின் விலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். கணக்குக்காக, நல்ல நிலையில் ஓடும் இதே மாடல் உங்கள் பகுதியில் 4,00,000 ரூபாய்க்குப் போவதாக வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர்க் கூலியில் டிங்கரிங் 1,10,000, பெயின்ட் 70,000, குரோம், பீடிங், சீட் 60,000, என்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் 65,000, ஒயரிங், டயர், பேட்டரி 45,000 என்று வந்தால் கூட்டுத்தொகை 3,50,000. தாள் வேலைக்கு 35,000 எடுத்து வையுங்கள். மீதம் 15,000. எதிர்பாராத வேலைக்கு 20 சதவீதம் ஒதுக்கினால் 70,000, கணக்கு கடனுக்குப் போய்விடும்.

இந்த எண்களை உங்கள் ஊர் எண்களால் மாற்றிப் போட்டாலும், பாதியில் நின்ற சாதாரண மாடல் வண்டிக்கு முடிவு பெரும்பாலும் இதே பக்கம்தான் சாயும். அதனால் நியாயமான விலை என்பது வண்டியைப் பிரித்து விற்றால் வரும் தொகையும், சுத்தமான ஆர்.சி.யின் மதிப்பும் சேர்ந்தது. அதற்கு மேல் கொடுக்க ஒரு காரணம் இருக்கலாம். இந்த வண்டி வேண்டும் என்ற ஆசை. அது நல்ல காரணம்தான். வண்டிகள் மிஞ்சுவது அந்த ஆசையால்தான். ஆனால் அந்தத் தொகை எவ்வளவு என்று தெரிந்தே கொடுக்க வேண்டும்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. கதவு இடைவெளி அளவு, அடிப்பாகப் படங்கள், லேத் பில், இல்லாத பாகங்களின் பட்டியல், ஆர்.சி. யார் பெயரில் என்பது ஆகிய ஐந்தையும் விளம்பரத்திலேயே போட்டால் அழைப்புகள் குறையும், வருகிறவர் வாங்குகிறவராக இருப்பார். '80 சதவீதம்' என்று எழுதாமல் 'இடது ரன்னிங் போர்டு திரும்பச் செய்ய வேண்டும்' என்று எழுதினால் பேரத்தில் உங்கள் வார்த்தைக்கு மதிப்பு இருக்கும்.

தூக்கி வருவதும், திரும்பத் தொடங்குவதும்

தொய்ந்த பாடியைக் கயிறு கட்டி இழுத்து வரக் கூடாது. தட்டையான ரெக்கவரி வண்டியில்தான் ஏற்ற வேண்டும். ஏற்றும் முன் இரண்டு பக்க வாசலிலும் குறுக்குக் குழாயைப் பிடித்துவிடுங்கள். அங்கே வெல்டிங் வசதி இல்லையென்றால் கீல் துளைகளிலும் பூட்டுத் துளைகளிலும் போல்ட் போட்டு இறுக்கும்படி குழாயைத் தயார்செய்து கொண்டுபோகலாம். கட்டும் பட்டையை அச்சிலும் சஸ்பென்ஷனிலும் போடுங்கள், புது ரன்னிங் போர்டின் மேல் அல்ல. கண்ணாடிகள் படுக்கவைத்தால் உடையும், நிறுத்தி, நடுவில் போர்வை கொடுத்து வர வேண்டும்.

வந்த பிறகு முதல் வேலை தகடு, வேறு எதுவும் அல்ல. இடது பக்கத்தைத் தூக்கி, அளந்து, வெட்டி, பற்றவைத்து, கதவு நான்கும் ஒரு விரலால் தள்ளினால் பூட்டும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து எபாக்சி பிரைமர். அதன் மேல் சஸ்பென்ஷன், பிரேக், சக்கரம். பிறகு என்ஜின். முதல்முறை கிளப்பும்போது பிளக்குகள் இல்லாமல் ஸ்டார்ட்டரை 10 நொடி, 10 நொடியாகச் சுற்றி, ஆயில் பிரஷர் வந்த பிறகே பிளக் மாட்ட வேண்டும்.

மேல்பூச்சுக்கு முன் வண்டியை முழுவதும் ஒருமுறை கட்டிப் பாருங்கள். முன்கண்ணாடி, பின்கண்ணாடி, பீடிங், பம்பர், கிரில், கைப்பிடி எல்லாவற்றையும் பிரைமர் மேலேயே மாட்டிப் பார்க்க வேண்டும். இப்போது வரும் பீடிங் பழையதைவிடத் தடிமனாக இருப்பது உண்டு, அதனால் கதவு மூடாமல் போகும். வெல்டிங்கில் கண்ணாடிச் சட்டம் இரண்டு மி.மீ. இழுத்திருந்தால் முன்கண்ணாடி மாட்டும்போதே விரிசல் விடும். பெயின்ட் அடித்த பிறகு இவை தெரிந்தால் பெயின்டை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். தாள்கள் தயாராக இருந்தால் பிரைமரிலேயே 200, 300 கிலோமீட்டர் ஓட்டி, கசிவும் சத்தமும் எங்கே என்று குறித்துக்கொண்டு, திரும்பப் பிரித்துப் பெயின்ட் கடைக்கு அனுப்புங்கள். பெயின்ட் காய்ந்து வந்ததும் ரன்னிங் போர்டுப் பெட்டிக்குள்ளும் கதவுகளின் அடியிலும் நீளக் குழல் வைத்து மெழுகு அடியுங்கள். அது காயும் முன் ஒரு கம்பியால் வடிகால் துளைகள் ஒவ்வொன்றையும் குத்தித் திறந்துவிடுங்கள்.